இரும்புத் தூணும் கண்ணாடிக் கூரையும்

கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கல் திருப்பணியைக் கண்டு வியவாதார் நம்முள் இலர். அங்கே ஒவ்வொரு கல்லும் தன் இடம் நோக்கிச் செதுக்கப்பட்டது; ஓரிடத்துக்கென அமைந்த கல் வேறோரிடத்துக்குப் பொருந்தாது. இதற்கு நேர்மாறான கட்டட முறையொன்று விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் சிறப்புற்றது. அதிலே தூண்களும் உத்தரங்களும் தொழிற்சாலையில் ஒரே அளவில் நூற்றுக்கணக்காக வார்க்கப்பட்டன. வண்டியில் வந்து இறங்கிய துண்டை எடுத்து அடுத்த இடத்தில் பூட்டுவதே வேலை.

இம்முறையின் தலைசிறந்த எடுத்துக்காட்டு, லண்டன் ஹைட் பார்க்கில் 1851ஆம் ஆண்டு மே முதலாந் திகதி திறக்கப்பெற்ற பளிங்கு மாளிகை. இலங்கைப் பொருள்களும் இடம்பெற்ற உலகக் கண்காட்சிக்காக எழுந்தது அது. வகுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். கட்டடக் கலைஞரல்லர், ஒரு பிரபுவின் தலைமைத் தோட்டக்காரர்! இராட்சத அல்லிக் கொடிக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகிய கை. 1,848 அடி நீளமும் 408 அடி அகலமும் கொண்ட அம்மாளிகை, முதல் தூண் நட்ட எட்டே மாதங்களுக்குள் திறப்பு விழாக் கண்டது.

தூண்களைச் சற்று நின்று பார்ப்போம். எல்லாம் வெளியே எட்டு அங்குல விட்டமுடையவை. ஆனால், தாங்கும் பாரத்துக்கேற்ப உள்ளே இரும்பின் தடிப்பு கூடியும் குறைந்தும் இருக்கும். வெளியளவு மாறாமையால் இணைப்புகள் எங்கும் பொருந்தின. ஆணிகளும் சுரைகளும் விட்வர்த் என்பார் வகுத்த ஒரே அளவுப் புரியில் அமைந்தவை என்பதை ஆய்வாளர் 2024இலேதான் வெளியிட்டனர். தூண்கள் உட்குழலானவை, ஆதலின் கூரை மழைநீரும் அவற்றின் வழியே நிலத்துக்குள் இறங்கிற்று. பாரந் தாங்கியே பீலியுமாயிற்று!

கூரை மேடும் பள்ளமுமாக மடிந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றும் 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். பள்ளங்களில் ஓடிய மரப் பீலியின் மேற்குழி மழைநீரை வாங்க, பக்கக் குழிகள் கண்ணாடியின் உட்புறத்தே வியர்த்து வழியும் நீரை வாங்கின. அப்பீலிகளையே தண்டவாளமாகக் கொண்டு சிறு வண்டிகள் உருள, தொழிலாளர் அவற்றிலமர்ந்து கண்ணாடி பதித்தனர். எண்பது பேர் ஒரு வாரத்தில் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளைப் பதித்தார்களாம். இத்தனை செய்தும் மழைக்கு ஒழுகியது வேறு கதை.

எல்லாரையும் உறுத்திய ஐயம் ஒன்றுண்டு. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. மரம் முறியுமுன் முனகும்; வார்ப்பிரும்போ உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தால் அறிவிப்பின்றி உடையும். மேல்மாடங்களிலே கூட்டம் நிறைந்திருக்க ஓர் உத்தரம் உடைந்தால்? ஆகவே, வார்ப்பு உத்தரங்களை நீரமுக்கப் பொறியிலிட்டுச் சோதித்த பின்னரே உயர்த்தினர். மாதிரி மாடமொன்றின்மேல் படைவீரரைக் கால் ஒத்து நடக்கவும் விட்டனர். மாடம் அசையவில்லை. அறுபது இலட்சம் பேர் வந்து போன அக்கண்காட்சி முடிந்ததும், மாளிகையைக் கழற்றிச் சிடனாமுக்குக் கொண்டுபோய்ப் பெருப்பித்துப் பூட்டினர். கற்கோயிலை இப்படிப் பெயர்க்க யாரும் எண்ணார். 1936 நவம்பர் 30இல் அது தீக்கிரையாயிற்று.

அம்மரபிலே நமக்கு அண்மையில் நிற்பது பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகை. அதற்கு அடிக்கல் நாட்டியதும் ஒரு நவம்பர் 30, ஆண்டு 1889. வார்ப்புகள் கிளாஸ்கோ நகரச் சரசன் வார்ப்பாலையிலிருந்து கப்பலேறி வந்தன. குளிர்நாட்டுக் கண்ணாடி வீடு சூட்டைச் சிறைப்பிடிப்பது. இங்கு அது வேண்டாத பொருள். எனவே காற்றோடப் பக்கங்களைத் திறந்துவிட்டனர். கடற்காற்றில் யன்னற் கம்பி துருவேறக் காணும் வெள்ளவத்தை அன்பர்கள், கடலுக்கு வெகு தூரத்தில் அது நிற்பதையும் கவனிப்பார்கள். 1935இல் கிழக்குப் பக்கம் நீட்டியபோது இரும்புக்குக் கப்பல் தேவைப்படவில்லை. மைசூர் அரசின் பத்ராவதி ஆலையே கொடுத்தது.