வெள்ளிக்கிழமைப் பூட்டு

நான் சிறுவனாக இருந்த காலத்தில், தெஹிவளையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு நானா குடியிருந்தார். யாராவது பிள்ளைகளை மியூசியம் பார்க்கக் கூட்டிப் போகிறோம் என்றால் முதலில் கிழமையைத்தான் கேட்பார். "வெள்ளிக்கிழமை போவாதீங்க தம்பி. அன்டைக்கு எங்கட ஆள் பூட்டிட்டுப் போன நாள்" என்பார். காலி வீதியில் பஸ் பிடித்து, பம்பலப்பிட்டியில் இறங்கி, கறுவாத்தோட்டம் வரை வெயிலில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் எத்தனையோ குடும்பங்களை அவர் காப்பாற்றியிருக்கிறார்.

அந்த "எங்கட ஆள்" யார் என்பது கொழும்பு நூதனசாலை பிறந்த கதையில் பாதி. மற்றப் பாதி அயர்லாந்தில் கிடக்கிறது.

1845இல் கொழும்பில் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை தொடங்கியது. சங்கத்தார் ஏடு, நாணயம், கல், பறவை, பூச்சி என்று கண்டதையெல்லாம் சேர்த்தார்கள். சேர்த்ததை வைக்க இடமில்லை. ஒரு மியூசியம் வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1872இல் ஆளுநராக வந்த சேர் வில்லியம் கிரகரியின் காதில்தான் அது ஏறியது. நுவரெலியாவில் நாம் படகு விடும் கிரகரி வாவி இவர் பெயரில்தான் இருக்கிறது. அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் கூல் பார்க் என்ற பெரிய பண்ணையின் சொந்தக்காரர்; லண்டன் நஷனல் கலரியின் அறங்காவலர்களில் ஒருவர். பழம்பொருளின் அருமை அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. மறுவருடமே சட்டநிரூபண சபையின் சம்மதம் கிடைத்தது.

கிரகரிக்கு ஊரில் வேறொரு பெயரும் உண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, சனம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த 1847இல், பாராளுமன்றத்தில் அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவனுக்கு அரசாங்க நிவாரணம் கிடையாது என்பதே அது. கால் ஏக்கர் என்றால் நம் கணக்கில் 40 பேர்ச். கஞ்சி வேண்டுமென்றால் காணியை விடு; காணி வேண்டுமென்றால் பட்டினி கிட. "கிரகரி விதி" என்று அயர்லாந்துக்காரர் இன்றும் கசப்போடு சொல்லும் சட்டம் இது. குடியானவனைக் காணியை விட்டு எழுப்பிய அதே கைதான் கறுவாத்தோட்டத்தில் மியூசியத்துக்குக் கையெழுத்துப் போட்டது.

வரைபடம் போட்டவர் பொதுவேலைப் பகுதியின் கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர். இத்தாலியப் பாணி, வெள்ளைச் சுவர், வரிசை வரிசையாக வளைவுகள், தூண்கள். அதைக் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பும் கொந்தராத்து வாப்பிச்சி மரிக்காருக்குக் கிடைத்தது. கொழும்புச் சோனகர்; வீட்டில் தமிழ் பேசியவர். புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம், கோட்டையின் பழைய தபால் கந்தோர் என்று அவர் கைபட்ட கட்டடங்கள் நகரெங்கும் நிற்கின்றன. பின்னாளில், 1892இல், மருதானையில் ஸாஹிராக் கல்லூரி தொடங்கவும் முன்னின்றார். சேர் ராசிக் பரீத் இவருடைய பேரன்.

கட்டடம் 1876இல் முடிந்தது. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்தார்கள். அதே நாளில் டில்லியில் விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பறையறைந்துகொண்டிருந்தார்கள்.

வேலையைப் பார்த்துப் பூரித்துப்போன ஆளுநர், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாராம். பட்டமோ பதக்கமோ மரிக்கார் கேட்கவில்லை. "ஜும்ஆ நாளில் இந்தக் கதவை மூடி வையுங்கள், அது போதும்" என்றாராம். சோனகர் வீடுகளில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. நீண்ட காலம் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் மூடிக் கிடந்ததைக் கண்டவர்கள் நாங்கள். கிரகரிக்கு முன்புல்வெளியில் சிலை வைத்தார்கள். மரிக்காருக்கு வாரத்தில் ஒரு நாள் பூட்டு. பிற்காலத்தில் அந்த வழக்கமும் போய்விட்டது.

வீடு கட்டியாயிற்று, சாமான் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 1911இல் காலியில் ஒரு மதகை மூடிக் கவிழ்ந்து கிடந்த கற்பலகையைப் புரட்டினார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும், தமிழில் தென்திசைத் தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். சாக்கடைக்கு மூடியாய்க் கிடந்த தமிழ் இன்று மரிக்கார் கட்டிய கூரையின் கீழ் இருக்கிறது.

கண்டி அரசரின் சிம்மாசனம் வரவும் காலம் எடுத்தது. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த ஆசனம் அது. 1815இல் கண்டி விழுந்ததும் இங்கிலாந்து போய், வின்சர் கோட்டையில் இருந்துவிட்டு, 1934இல்தான் கப்பலேறித் திரும்பியது. கண்டியைப் பிடித்த ஆளுநர் பிரவுன்றிக்கும் அயர்லாந்தில் பிறந்தவர்தான், விக்லோ மாவட்டம். நம் கிழக்குக் கரையில் கிடைத்த பொன் முலாமிட்ட தாரா தேவி சிலையை 1830இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தவரும் அவரே. அவள் இன்னும் லண்டனில்தான் நிற்கிறாள். ஒரு அயர்லாந்துக்காரர் எடுத்துப் போனார், இன்னொருவர் மிச்சத்துக்கு வீடு கட்டினார்.

கிரகரி 1877இலேயே இலங்கையை விட்டுப் போனார். 1880இல் அகஸ்டாவை மணந்தார், 1892இல் காலமானார். கவிஞர் யேட்ஸோடு சேர்ந்து டப்ளினில் அபே நாடக அரங்கை நிறுவிய லேடி கிரகரி அந்த அகஸ்டாதான். கூல் பார்க்குக்கு வந்துபோன எழுத்தாளர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிய மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் வீடு இல்லை. 1941இல் இடித்துவிட்டார்கள். கால்வேயின் கோட்டைகளையும் கோபுரங்களையும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், மியூசியம் கட்டியவரின் வீட்டுக்கு வந்தால் அத்திவாரத்தைத்தான் பார்க்கலாம்.

வளர்ந்த பிறகு ஒருநாள் இதை நானாவிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்த ஊட்டயும் எங்கட ஆள்ட்டயே கட்டக் குடுத்திருக்கணும் தம்பி" என்றார்.