திசு மாதிரியும் பெயர்ச்சீட்டும்: திசுநோயியல் ஆய்வகம் வளர்ந்த வரலாறு

உடலிலிருந்து எடுத்த சதைத் துண்டைப் பதப்படுத்தி, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோயை அறியும் மருத்துவப் பிரிவு திசுநோயியல் எனப்படும். ஒரு கட்டி புற்றுநோயா, காசநோயா, சாதாரண வீக்கமா என்பதைப் பெரும்பாலும் இச்சோதனையே உறுதி செய்கிறது. முடிவு சரியாக அமைய இரண்டு தேவை. திசு கெடக்கூடாது, அது யாருடையது என்பதும் மாறக்கூடாது.

பதப்படுத்தும் முறையின் தோற்றம்

நோய் உயிரணுக்களில் தொடங்குகிறது என்ற கருத்தை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ 1858இல் தம் நூலில் விளக்கினார். ஆனால் பச்சைத் திசு விரைவில் கெட்டுவிடும். மெல்லியதாக வெட்டவும் வராது. 1865இல் போமர், ஹீமடாக்சிலின் என்ற மரச்சாயத்துடன் படிகாரம் சேர்த்தார். துணியில் சாயம் பிடிக்க நம் சாயக்காரர்கள் படிகாரம் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். 1869இல் கிளெப்ஸ் திசுவைப் பாரஃபின் மெழுகில் பொதிந்தார். 1876இல் விசோட்ஸ்கி ஹீமடாக்சிலினையும் இயோசினையும் சேர்த்துப் பயன்படுத்தினார். 1893இல் ஃபெர்டினாண்ட் புளும், கிருமிநாசினியாக ஃபார்மலினைச் சோதித்தபோது தம் விரல்தோல் இறுகுவதைக் கண்டார். அது திசுவையும் பதப்படுத்தும் என உணர்ந்தார்.

இன்றைய செய்முறை

அறுவை அரங்கில் எடுத்த திசு, அதன் அளவைப்போல் சுமார் 10 மடங்கு ஃபார்மலினில் இடப்படுகிறது. வெறும் தண்ணீரில் போட்டால் உயிரணுக்கள் ஊதிச் சிதையும். வாய் குறுகிய புட்டியும் ஆகாது. மென்மையாக உள்ளே போன திசு இறுகிய பின் வெளியே வராது. ஆய்வகத்தில் நோயியல் மருத்துவர் அதை அளந்து, வெட்டி, சிறு கேசட்டுகளில் வைக்கிறார். பிறகு ஆல்கஹால் நீரை நீக்குகிறது. சைலீன் ஆல்கஹாலை நீக்குகிறது. உருகிய மெழுகு அந்த இடத்தை நிரப்புகிறது. மெழுகுக்கட்டியை மைக்ரோடோம் 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவுகிறது.

பெயர்ச்சீட்டு

ஒரே துண்டு புட்டி, கேசட், மெழுகுக்கட்டி, கண்ணாடிச் சிலைடு என நான்கு இடம் மாறுகிறது. ஒவ்வோரிடத்திலும் அதே எண் இருக்க வேண்டும். சாதாரண மை ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரையும். ஆகவே பென்சிலால் எழுதுவது பழைய வழக்கம். பெரிய ஆய்வகங்களில் இன்று பட்டைக்குறியீடு வந்துவிட்டது. புட்டியின் மூடியில் மட்டும் சீட்டு ஒட்டக்கூடாது, மூடிகள் மாறிப்போகலாம்.

பெயர் மட்டும் எழுதினால் போதாது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் இரண்டு ‘எஸ். லட்சுமி’ வருவது அரிதன்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வடமாநிலத்தவர் பெயரை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதக்கூடும். எனவே பெயருடன் மருத்துவமனைப் பதிவெண், வயது, திசு எடுத்த இடம், வலமா இடமா என்பதும் எழுதப்படுகின்றன. சீட்டு மாறினால் நோயற்றவருக்கு மார்பகம் நீக்கப்படலாம். நோயுள்ளவர் நலமென்று வீட்டுக்கு அனுப்பப்படலாம். சாயமேற்றும் திறமை எதுவும் இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது.

தமிழகத்தில்

சென்னையில் மருத்துவக் கல்வி 1835இல் தொடங்கியது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிறுவனம் உருவானது. சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே பேணப்படுகிறது. எத்தனை நோயாளிகளுக்கு நுண்ணோக்கிச் சோதனையால் நோய் உறுதியானது என்பது, அத்தகைய பதிவேடுகளின் தரத்தை அளக்கும் அளவுகோல்களில் ஒன்று. சீட்டு சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கும் சரியாக இருக்கும்.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, 12.1.2022 அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நோயியல் துறையும் இருந்தாக வேண்டும். சிறு மருத்துவமனைகளில் உறவினர் கையிலேயே புட்டியைக் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் உண்டு. அவ்வாறு பெறுவோர், புட்டியிலும் கோரிக்கைப் படிவத்திலும் பெயரும் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பார்ப்பது நல்லது. எழுத்தறிந்த எவரும் செய்யக்கூடிய சரிபார்ப்பு அது.