கோளிவாடா: மும்பையின் மூத்த குடிகள்

மும்பை என்றதும் நம்மவர்களுக்கு மாட்டுங்கா, செம்பூர், தாராவி, லோக்கல் ரயில் எல்லாம் நினைவுக்கு வரும். நாம் பிழைக்க வந்தவர்கள். குஜராத்தியர், பார்சிகள், ஆங்கிலேயர் எல்லோரும் அப்படி வந்தவர்களே. அப்படின்னா, முன்னாடியே இங்க இருந்தவங்க யாரு? கோளி மீனவர்கள்தாம்.

'சயான் கோலிவாடா' என்று தினமும் சொல்கிறோமே, அது இவர்கள் பெயர்தான். நம்மைப்போல் மராத்தியிலும் ளகரம் உண்டு. 'கோளிவாடா' என்பதே சரியான உச்சரிப்பு. கோளி என்றால் மீனவர், வாடா என்றால் குடியிருப்பு. நம்ம ஊர் குப்பம் மாதிரி. இன்றைய குரு தேக் பகதூர் நகர் ரயில் நிலையத்துக்கும் முன்பு கோலிவாடா என்றே பெயர். இறங்கிப் பார்த்தால் கடலையும் காணோம், படகையும் காணோம். கடல் எங்கே போச்சு? மும்பையின் வரலாறே இந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அன்று இது ஏழு தீவுகள். 1534இல் போர்த்துகீசியர் வசமானது. 1661ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குச் சீதனமாகப் போனது. 1668இல் ஆண்டுக்கு 10 பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. இத்தனை கைமாறியபோதும் கோளிகள் வலைவீசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வணங்கும் மும்பாதேவியின் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று. போரிபந்தர் பக்கம் இருந்த அம்மன் கோயில் பிற்பாடு இடம்பெயர்ந்து இன்று ஜவேரி பஜார் அருகே இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஆளுநர் ஹார்ன்பி, மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் நடுவே கடல் புகுந்த வழியை அணைகட்டி அடைத்தார். அதற்குப் பிறகும் தூர்த்துத் தூர்த்துத்தான் நகரம் வளர்ந்தது. நிலம் கூடக் கூட மீனவனுக்குத் தண்ணீர் குறைந்தது.

தாராவியும் அப்படித்தான். 1909ஆம் ஆண்டு பம்பாய் கெசட்டியர் பெரிய கோளிவாடாக்கள் ஆறில் ஒன்றாகத் தாராவியைச் சொல்கிறது. மாஹிம் கழிமுகம் அவர்களுக்குச் சோறு போட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கே வந்தது. அந்த வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர்கள் வந்தார்கள். கழிமுகம் தூர்ந்து, சாக்கடை கலந்து, மீன்பிடி நின்றுபோனது. நாம் வேரூன்றிய இடம் அவர்கள் துறையை இழந்த இடம். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

கடலோடு இன்றும் வாழும் கோளிவாடாவைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வொர்லிக்குப் போகலாம். முனையில் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய சின்னக் கோட்டை இருக்கிறது. அங்கிருந்து மாஹிம் விரிகுடாவும், 2009இல் திறக்கப்பட்ட பாந்த்ரா - வொர்லி கடற்பாலமும் தெரியும். குறுகிய சந்துகளுக்குள் கோல்ஃபாதேவி கோயில் இருக்கிறது. ஆண்கள் பிடித்து வருவார்கள், பெண்கள் விற்பார்கள்; பணப்பை பெண்கள் கையில்தான்!

பொம்பில் மீனை 'டோல்' என்கிற பை வலையில் பிடிக்கிறார்கள். கடலில் கட்டிவைத்த வலைக்குள் ஓதத்தின் வேகமே மீனைக் கொண்டுவந்து தள்ளும். ஆகவே திதி பார்க்கத் தெரியாத கோளி தொழில் செய்ய முடியாது. நம்ம நெத்திலிக் கருவாடு மாதிரி மணலில் பரப்புவதில்லை. இரண்டு இரண்டாக வாயோடு வாய் கோத்து, மூங்கில் பந்தலில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள்.

மகாராஷ்டிரத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம்ம கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமியை ஒட்டி அவர்களுக்கு 'நாரளி பூர்ணிமா'. கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து, 'இனி சீறாதே, தாயே!' என்று வேண்டிக்கொள்ளும் திருநாள்.

அந்த வொர்லியிலும் அண்மையில் ஒரு நெருக்கடி வந்தது. கடற்கரைச் சாலையைக் கடற்பாலத்தோடு இணைக்கும் பாலம், அவர்கள் படகு போய்வரும் வழிக்கு மேலேயே அமைந்தது. தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி என்பது திட்டம். காற்றடிக்கும்போது படகு தூணில் மோதிடும், இது போதாது என்று மீனவர்கள் போராடினார்கள்; வேலையை நிறுத்தவும் செய்தார்கள். 2022 இறுதியில் மாநகராட்சி 120 மீட்டருக்கு ஒப்புக்கொண்டது. 2024இல் சாலை திறந்தாச்சு. தெற்கு மும்பைக்கு நாம் சில நிமிடங்களில் போய்விடுகிறோம். கீழே அந்த இடைவெளி வழியாகத்தான் ஒரு ஊரே தொழிலுக்குப் போகிறது.

வீடுகள் இருந்தால் மட்டும் கோளிவாடா ஆகிவிடாது. கடலுக்குப் போக வழி இருக்க வேண்டும். வழி அடைபட்டால் பெயர்ப்பலகைதான் மிஞ்சும் என்பதற்கு சயான் சாட்சி. அடுத்த நாரளி பூர்ணிமாவுக்குப் பிள்ளைகளை வொர்லிக்கு அழைத்துப் போங்கள். மூத்த குடிகளை அவர்கள் வாசலிலேயே பார்த்து, நாலு வார்த்தை மராத்தியில் பேசிவிட்டு வாருங்கள்.