கழுவாத கல்வம்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் ரசம் சாதம் அப்படியே மீந்துவிட்டது. எம்பிபிஎஸ் படிக்கும் மகள் அன்றுதான் முதன்முதலாகப் போஸ்ட்மார்ட்டம் பார்த்துவிட்டுப் போசரிக்குத் திரும்பியிருந்தாள்.

"அனாட்டமி கிளாஸ்ல அறுத்த உடம்பு வேறப்பா. அது பாடம் மாதிரி. இவர் முந்தா நாள் வரைக்கும் பேசிட்டிருந்த ஆளு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது போலீஸ் கேசுக்குத்தானே? வைத்தியம் பார்க்கப்போற எனக்கு எதுக்கு?" என்றாள்.

எம்.ஐ.டி.சி.யில் லேத் மெஷினோடு காலம் தள்ளுபவன் நான். ஆனாலும் நம்ம சென்னைக் கதை ஒன்று ஞாபகம் வந்தது.

இந்தியாவில் பதிவாகியிருக்கும் முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை, 1693 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் நடந்தது. இறந்தவர் ஜேம்ஸ் வீலர், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவுன்சில் உறுப்பினர். பரிசோதித்தவர் எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர். வீலருக்கு வைத்தியம் பார்த்தவர் சாமுவேல் பிரவுன். சென்னைப் பக்கத்துச் செடிகளைத் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பிவைத்த அதே பிரவுன்தான்!

நம்ம முத்து பஸ்பம் போல, அந்நாளில் ஐரோப்பியர்களும் முத்துப்பொடியை மருந்தாகக் கொடுப்பார்கள். வீலருக்காக முத்தை அரைத்த கல்வத்தில் அதற்கு முன் ஆர்சனிக் பாஷாணத்தை இடித்திருக்கிறார்கள். கொன்றது அந்த மிச்சம்தான். பிரவுன் ஒளியவில்லை. தன் மருந்தால்தான் வீலர் செத்தார், தனக்குத் தண்டனை கொடுங்கள் என்று தானே எழுதிக் கொடுத்தார்.

சுமார் 150 வருடம் கழித்து, வியன்னாவில் இன்னொரு கதை. அங்கே மருத்துவ மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்குப் போவார்கள். தாய்மார்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் புரியவில்லை. 1847-ல் பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி பட்டு, கொல்லெட்ச்கா என்ற பேராசிரியர் இறந்தார். அவர் உடலை அறுத்துப் பார்த்தால், அந்தத் தாய்மார்களிடம் கண்ட அதே அடையாளங்கள்! நண்பர் செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. குளோரின் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வரவேண்டும் என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டு சொச்சமாகக் குறைந்தது.

"அங்கே கல்வம், இங்கே கை. ரெண்டையும் காட்டிக்கொடுத்தது செத்த உடம்புதான். டாக்டர் தன் தப்பைத் தெரிஞ்சுக்கிற இடம்மா அது" என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சட்னிக்குத் தேங்காய் போடுமுன் மிக்ஸி ஜாரை இரண்டு தடவை கழுவிக்கொண்டிருந்தாள். இட்லியும் நாலு இறங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமையும் போகிறாளாம்.