ஜாமீன் மேல்முறையீட்டில் மூன்றாவது தரப்பு

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், ஜாமீன் தரும் அல்லது மறுக்கும் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழிசெய்யும் 14-ஏ(2) பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் பற்றி ஒரு கருத்து உண்டு. ஜாமீன் மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு என்பது கூடுதலாகத் திறந்த வாசல்தான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 439ஆம் பிரிவு (இப்போது பி.என்.எஸ்.எஸ். 483) உயர் நீதிமன்றத்துக்குத் தரும் ஜாமீன் அதிகாரம் அதனால் குறைவதில்லை என்பதே அது. இக்கட்டுரை அதை மறுக்கிறது.

அக்கருத்தின் வலு முழுவதும் பிரிவின் தொடக்கத் தொடரில் இருக்கிறது. அத்தொடர் விலக்கி வைப்பது அதே நடைமுறைச் சட்டத்தின் 378(3)-ஐ மட்டுமே; 439-ஐப் பற்றி வாய் திறக்கவில்லை. சரிதான். ஆனால் 378(3) என்ன சொல்கிறது? விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. ஜாமீன் கிடைக்காமல் சிறையில் இருப்பவருக்கும் அந்த அனுமதிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனவே ஜாமீன் கொடுத்ததை எதிர்த்து வருபவரையும் மனத்தில் வைத்தே இத்தொடர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என ஊகிக்க இடமிருக்கிறது.

இத்தொடர் இச்சட்டத்துக்கென எழுதப்பட்டதும் அல்ல. 2002ஆம் ஆண்டின் பொடா சட்டம் 34(4)-இலும், 2008ஆம் ஆண்டின் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் 21(4)-இலும் ஏறத்தாழ இதே வாசகம் உண்டு. பயங்கரவாதச் சட்டத்துக்குத் தைத்த சட்டையை வன்கொடுமைச் சட்டத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். இரவல் வாசகத்தில் உள்நோக்கம் தேடலாமா என்று கேட்கலாம். தேட வேண்டாம்; அது வந்து சேர்ந்த இடத்தைப் பார்த்தால் போதும். முந்தைய இரு சட்டங்களிலும் ஜாமீன் விசாரணையில் அரசும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் மட்டுமே எதிரெதிர் நிற்பவர்கள். இங்கோ அதே 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 15-ஏ பிரிவையும் உடன் கொண்டுவந்தது. ஜாமீன் விசாரணை உட்பட எல்லா நடவடிக்கைகளும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது உட்பிரிவு (3). அவரோ அவரைச் சார்ந்தவரோ தம் தரப்பைச் சொல்லும் உரிமையைத் தருகிறது உட்பிரிவு (5).

அந்த உரிமை ‘இச்சட்டத்தின் கீழான’ நடவடிக்கைகளுக்கு உரியது. 439இன் கீழ் வரும் மனு இச்சட்டத்தின் கீழான நடவடிக்கைதானா என்று வாதாட இடமுண்டு. 14-ஏ(2)இன் கீழ் வரும் மேல்முறையீட்டில் அந்த வாதத்துக்கே இடமில்லை. ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு கிரிமினல் ஓ.பி. என எண்ணிடப்படுகிறதா, கிரிமினல் அப்பீல் என எண்ணிடப்படுகிறதா என்பது வெறும் பதிவேட்டு விவகாரம் அல்ல. அலகாபாத் உயர் நீதிமன்ற முழு அமர்வு 2018 அக்டோபர் 10 அன்று, மேல்முறையீடு உள்ள இடத்தில் 439இன் வழியே வர முடியாது என்றது. 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் 15-ஏ(3), (5) இரண்டும் கட்டாயமானவை என்றது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் குறைவு. தனிமனிதச் சுதந்திரம் குறுகிவிடும் என்ற அச்சத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை: சட்டம் அடைப்பது முன்ஜாமீனை, மேல்முறையீட்டில் ஜாமீன் தர உயர் நீதிமன்றத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

பாதிக்கப்பட்டவர் என்ற அந்த மூன்றாவது தரப்பில் யார் நிற்க முடியும்? மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவரும் இருளரும் வசிக்கிறார்கள். 2021 அக்டோபரில், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தங்களை உட்கார விடவில்லை என ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காணொலி பரவியது. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அவருடன் அமர்ந்து உண்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். எல்லோரும் பட்டாவைப் பேசினார்கள். நம் கேள்விக்குச் சான்றிதழே முக்கியம். அன்று இருளர் பழங்குடியினர். நரிக்குறவர் மிகப் பிற்படுத்தப்பட்டோர். ஒரே பந்தியில், ஒரே சொல்லால் இருவர் விரட்டப்பட்டிருந்தாலும் இச்சட்டத்தின் கண்ணில் இருளர் மட்டுமே பாதிக்கப்பட்டவர். நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய திருத்தத்தால்தான் நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தனர். அரசமைப்பின் 20(1) அதைப் பின்னோக்கிச் செல்ல விடாது.

பட்டியலில் இருப்பவருக்கும் சிக்கல் தீரவில்லை. செங்கல்பட்டு வட்டார இருளர் குடும்பங்கள் பல முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போகின்றன. எஃப்.ஐ.ஆரில் இருப்பது ஊர் முகவரி. ஆள் இருப்பது சூளையில். காவலர் வந்து, மூடிக் கிடக்கும் குடிசையைப் பார்த்துவிட்டு ‘ஆள் இல்லை’ என எழுதிக்கொண்டு போனால், அது 15-ஏ(3) கேட்கும் அறிவிப்பு ஆகாது என்றே கருதுகிறேன். எதிர்த்தரப்புக்கு ஜாமீன் கிடைத்த செய்தி பாதிக்கப்பட்டவருக்கு ஊர் திரும்பிய பிறகே தெரியும். அதற்குள் மேல்முறையீட்டுக்கு 14-ஏ(3) தரும் 90 நாள் கடந்திருக்கலாம். 180 நாளும் கடந்திருக்கலாம். 180 நாளுக்குப் பின் மேல்முறையீடே இல்லை என்ற வரம்பை அதே அலகாபாத் அமர்வு அரசமைப்பின் 14, 21 பிரிவுகளுக்கு முரண் என நீக்கியது. அதை ஜாமீன் மறுக்கப்பட்டவருக்குக் கிடைத்த நிவாரணமாக மட்டும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. சூளையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கும் அது அப்படியே பொருந்தும். தாமதத்துக்கு அவர் காட்ட வேண்டிய போதிய காரணம், அறிவிப்பு வரவில்லை என்பதே. அதற்கு மேலும் சான்று கேட்பது, அரசு செய்யத் தவறிய வேலையை அவர் தலையில் கட்டுவதாகும்.