வயலுக்கும் அடுப்புக்கும் இடையே உருளைக்கிழங்கு

சிலமலையிலிருந்து மேற்கே நோக்கினால் ஏலமலைத் தொடர் மதில்போல் நிற்பதைக் காணலாம். அம்மலையிலிருந்து போடிமெட்டு வழியே இறங்கிப் போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வரும் ஏலக்காய், பல மாதங்கள் மூட்டையில் கிடந்தாலும் எளிதில் கெடுவதில்லை. காரணம் நம் பகுதி மாணவர்கள் அறிந்ததே. பறித்த பச்சைக் காயை மலையிலேயே உலர்த்தி, அதிலுள்ள நீரைப் போக்கிவிடுகின்றனர். ஏறத்தாழ ஐந்து பங்கு பச்சைக் காய் ஒரு பங்கு உலர்ந்த காயாகிறது. கெடுவதற்கு வேண்டிய நீரே அதில் இல்லை.

உருளைக்கிழங்கின் நிலை இதற்கு நேர்மாறானது. அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு நீர். அந்த நீரைச் சுமந்துகொண்டே அது வயலிலிருந்து அடுப்புவரை வரவேண்டும். மேலும், மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பின்னும் அஃது உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, வெப்பத்தை வெளியிடுகிறது, சில வாரங்கள் உறங்கிப் பின் முளைவிடுகிறது. சூடு மிகுந்தால் மூச்சு மிகும், எடை குறையும். காற்றோட்டம் இல்லையேல் நடுப்பகுதி கறுக்கும். ஒளி பட்டால் பச்சை நிறம் ஏறி, நச்சுப்பொருளும் பெருகும். தோலில் காயம் பட்டால் அழுகல் நுழையும். எனவே உருளைக்கிழங்கின் சேதத்தை விதியின் மேல் போடுவதற்கில்லை. எத்தனை நாள், எத்துணைச் சூட்டில், எத்தனை கை மாறி அது வந்தது என்பதன் கணக்கே அச்சேதம். அக்கணக்கின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்குள்ள மக்கள் இச்சிக்கலுக்குப் பண்டைக் காலத்திலேயே ஒரு வழி கண்டனர். கிழங்கை இரவுப் பனியில் உறைய வைத்து, பகல் வெயிலில் காய வைத்து, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, ‘சுன்யோ’ என்னும் உலர்கிழங்கைச் செய்தனர். அது பல ஆண்டுகள் கெடாது. நம் மலைகளில் ஏலக்காய்க்குச் செய்வதை அவர்கள் கிழங்குக்குச் செய்தனர் எனலாம்.

ஐரோப்பாவுக்குச் சென்ற கிழங்குக்கு வேறொரு துணை கிடைத்தது. அங்கு இலையுதிர் காலத்தில் கிழங்கைத் தோண்டுவர்; அடுத்து வருவது குளிர்காலம். இயற்கையே குளிர்சாலையாக அமைந்தது. ஆயினும் நோய் புகுந்தபோது அக்குளிரும் காக்கவில்லை. 1845இல் அயர்லாந்தில் கருகல் நோய் பரவியபோது, நலமாகத் தோன்றிய கிழங்குகளும் சேமித்த குழிகளிலேயே அழுகின. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். சேமித்த உணவு கெடுவது எத்துணைப் பெரிய கேடாக முடியக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

போர்ச்சுகீசியர் வழியாக 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இப்பயிர், வடநாட்டுச் சமவெளியில் குளிர்காலப் பயிராக நிலைபெற்றது. அக்டோபர், நவம்பரில் நட்டு, ஜனவரி முதல் மார்ச்சு வரை தோண்டுகின்றனர். அதன்பின் வருவது கடுங்கோடை. ஐரோப்பியக் கிழங்கு குளிரை நோக்கிப் போகிறது; நம் கிழங்கோ நெருப்பை நோக்கிப் போகிறது! நம் நாட்டின் சேமிப்பு இழப்புக்கு மூலகாரணம் இதுவே. மர நிழலில் குவித்து வைக்கோலால் மூடுதல், குழிகளில் இட்டு வைத்தல் ஆகியனவே பழைய முறைகள். இவை சில வாரங்களுக்கு உதவும். கோடை முழுவதற்கும் போதா. போதாக்குறைக்கு, 1906இல் இத்தாலியிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு பம்பாய்ப் பகுதியில் கிழங்கு அந்துப்பூச்சியும் நுழைந்து, குவியல்களைத் துளைக்கலாயிற்று.

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1949இல் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1956இல் அது சிம்லாவுக்கு மாறியது. குளிர்பதனக் கிடங்கு 1892இலேயே கல்கத்தாவில் தோன்றியதாயினும், அவை நாடெங்கும் பெருகியது விடுதலைக்குப் பின்னரே. அவற்றை நெறிப்படுத்த 1964இல் மத்திய அரசு தனி ஆணை பிறப்பித்தது. இன்று நாட்டில் 8,000க்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகள் உள்ளன. அவற்றின் கொள்ளளவில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கே பயன்படுகிறது. 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரில் கிழங்கு மாதக்கணக்கில் உறங்குகிறது. ஆனால் அக்குளிரில் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறும். ஆதலால் வறுவலுக்கு உரிய கிழங்கை 10 முதல் 12 பாகையில், முளை அடக்கும் மருந்திட்டு வைக்கின்றனர்.

தென்னாட்டு மலைகளின் கதை வேறு. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜான் சல்லிவன் கலெக்டராக இருந்த காலத்தில் இப்பயிர் புகுந்தது. அங்கு ஆண்டில் மூன்று பருவங்களில் கிழங்கு விளைவதால் நெடுநாள் சேமிப்புக்குத் தேவை குறைவு. சிக்கல் மலையிறக்கத்தில் இருந்தது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1899இல் குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் மலைரயில் ஏறியது. மேட்டுப்பாளையம் பெரிய கிழங்கு மண்டியாயிற்று. ஆனால் பாதை வந்ததனால் மட்டும் உழவன் மீளவில்லை. முன்பணம் வாங்கி மண்டித் தரகருக்குக் கட்டுப்பட்டவன், எடையிலும் கழிவிலும் அவர் சொன்னதே கணக்கென ஏற்க வேண்டியிருந்தது. வழியில் அழுகியது யாருடைய நட்டம் என்னும் வினா எழும்போது, விடை பெரும்பாலும் உழவன் தலையிலேயே விழும். இதற்கு மாற்றாகவே 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது.

இனி நாடு தழுவிய கணக்கைப் பார்ப்போம். லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுப்படி, 2005-07இல் உருளைக்கிழங்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு இழப்பாயிற்று. 2013-14இல் அஃது ஏறக்குறைய 7 பங்காகக் குறைந்தது. இது மகிழத்தக்க முன்னேற்றமே. ஆனால் வீதம் குறைந்தாலும் விளைச்சல் பெருகியதை மறத்தலாகாது. 1949-50இல் இந்தியாவின் மொத்த விளைச்சல் ஏறத்தாழ 15 லட்சம் டன். 2013-14இல் அது 4 கோடி டன்னுக்கும் மேல். அதில் நூற்றுக்கு 7 என்றால் 28 லட்சம் டன்னுக்குக் குறையாது. அஃதாவது, குடியரசு மலர்ந்த வேளையில் நாடு முழுவதும் விளைந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு, ஒரே ஆண்டில் வீணாகியது!

அந்த இழப்பில் பெரும்பகுதி கிடங்கில் நேர்வதன்று. தோண்டும்போதும், தரம் பிரிக்கும்போதும், ஏற்றி இறக்கும்போதுமே நேர்கிறது. கிடங்கை இயந்திரம் காத்துவிட்டது. எஞ்சியிருப்பது மனிதக் கைகளின் பொறுப்பு. அதற்குப் பெருஞ்செலவும் வேண்டுவதில்லை. தழையை அறுத்தபின் 10, 15 நாள் கிழங்கை மண்ணிலேயே விட்டால் தோல் முற்றும். தோண்டியதை நிழலில் ஆறவிட்டால் சிறு காயங்கள் ஆறும். மூட்டையை எறியாமல் இறக்கினால் உட்காயம் தவிரும்.

விலையும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. 2017இல் விலை வீழ்ந்தபோது, கிடங்கு வாடகைக்கும் கட்டுப்படியாகாத கிழங்கை உத்தரப்பிரதேச உழவர்கள் பலர் எடுக்கவே வரவில்லை. 2018 ஜனவரியில் இலட்சுமணபுரிச் சட்டமன்றக் கட்டடத்தின் முன் சாலையில் கிழங்கு கொட்டப்பட்டது. அதுவும் குளிரில் காத்த கிழங்கு. அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றுக்கும் 500 கோடி ரூபாயில் ‘பசுமை நடவடிக்கை’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

மாணவர்களே, பள்ளியில் இழப்பு வீதக் கணக்குப் போடும்போது 7 என்பது சிற்றெண்ணாகத் தோன்றும். அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது, கடைக்காரர் ஒதுக்கி வைத்த கூடையைச் சற்று நின்று பாருங்கள். வெட்டுப்பட்டது எது, பச்சையானது எது, முளைத்தது எது, அழுகியது எது எனப் பிரித்தறியுங்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எவர் கையில் கெட்டிருக்கும் என எண்ணிப் பாருங்கள். பொருளியலும் உயிரியலும் அக்கூடையில் ஒருங்கே கிடக்கின்றன. ஓர் உழவன் நீர் பாய்ச்சிக் காத்த உழைப்பும் அதில் கிடக்கிறது.