கணநேர மின்னெழுச்சி

சுவிட்சைப் போடும்போதோ எடுக்கும்போதோ, லைனில் இடி விழும்போதோ, கம்பி அறுந்து தரையைத் தொடும்போதோ, மின்சுற்று பழைய நிலையை விட்டுப் புதிய நிலைக்குப் போவதற்குள் எழும் அலைவே மின்காந்தக் கணநேர எழுச்சி. பொறியாளர்களுக்கு இது டிரான்சியன்ட். லைன் வேலை பார்ப்பவர்களுக்கு சர்ஜ். நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி ஆகிறது. இடியால் வரும் எழுச்சியோ ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடியில் உச்சத்தைத் தொட்டு, சில பத்து மைக்ரோநொடிகளில் பாதியாகத் தணிந்துவிடும்.

ஒரத்தநாட்டு விவசாயிக்கு இதை விளக்கப் பம்புசெட்டே போதும். ஊரில் புது ஆறு என்று சொல்லப்படும் கல்லணைக் கால்வாய், 1934இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்டது. அதில் தண்ணீர் வராத மாதங்களில் போர்வெல்தான் கதி. கரண்ட் போய் மோட்டார் சட்டென்று நின்றால், மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்து மூடிய வால்வில் மோதும்; குழாய் அதிரும். மின்கம்பியில் ஓடும் எழுச்சிக்கும் இதே கணக்குத்தான். உவமைக்காகச் சொல்வதல்ல இது. பிரெஞ்சுப் பொறியாளர் பெர்ஜெரோன் குழாய்த் தண்ணீரின் அடியையும் மின்னல் அலையையும் ஒரே வரைபட முறையால் கணக்கிட்டு, இரண்டையும் தலைப்பிலேயே சேர்த்து ஒரு நூல் எழுதினார். ஹெர்மன் டோமல் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தார். லைனின் மறுமுனையில் சற்று முன் நடந்தது இந்த முனைக்கு இப்போது வந்து சேர்கிறது என்பதே அதன் சாரம். இ.எம்.டி.பி. என்ற மென்பொருள் அதிலிருந்து வளர்ந்தது.

லைனில் நேராக விழும் இடி 10,000 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போகும். ஓடும் அலைக்கு மேல்நிலைக் கம்பி காட்டும் தடை, அதாவது அலைமறிப்பு (சர்ஜ் இம்பீடன்ஸ்), சுமார் 400 ஓம். எனவே அழுத்தம் 20 லட்சம் வோல்ட். 11 கேவி டிரான்ஸ்பார்மர் தாங்கும்படி சோதிக்கப்படுவது 75,000 வோல்ட் அளவுக்குத்தான். பெரும்பகுதி வழியிலேயே இன்சுலேட்டரில் பொறியாகத் தாவிவிடும். மீதி ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும். ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர், அதாவது ஐந்தாறு கம்பம். லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச் திறந்து கிடந்து, அதில் மோதினால் அங்கே அழுத்தம் இரட்டிக்கும்.

மோட்டாரில் எழுச்சியின் சுமை முனையருகே உள்ள முதல் சில சுற்றுகள் மேல்தான் விழும். காயில் கட்டும் கடையில் அந்தச் சுற்றுகள் மட்டும் கருகியிருக்கக் கண்டால் இதைச் சந்தேகிக்கலாம். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போய் எரிந்த மோட்டார் வேறு கதை. அதில் பேஸ் சுருள் முழுதாகவே வெந்திருக்கும். மோட்டார் எரிந்தாலே இடி மேல் பழி போடுவது சரியல்ல. கன்டென்சரை இணைக்கும் நொடியில்கூட அழுத்தம் வழக்கமான உச்சத்தைப்போல் இருமடங்கு வரை துள்ளக்கூடும்.

காப்பு, துத்தநாக ஆக்சைடு வில்லைகள் அடுக்கிய இடிதாங்கி. வழக்கமான அழுத்தத்தில் கிட்டத்தட்ட எதையும் கடத்தாது. எழுச்சி வந்தால் வழிவிட்டு மண்ணுக்கு அனுப்பும். அதை டிரான்ஸ்பார்மரை ஒட்டியே வைக்க வேண்டும். இணைப்புக் கம்பி நீளும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கூடும். எர்த் நன்றாக இருப்பதும் முக்கியம். பழைய டெல்டாவின் ஈரக் களிமண்ணில் அது எளிது. திருவோணம் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து கிடக்கும். கரியும் உப்பும் போட்ட எர்த் குழியில் அப்போது தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.